டெக்கா, எஞ்சினா? மாலுமியாகப் போகும் தம்பிக்கு

நம்ம செட்டிநாட்டு வீடுகளில் நிற்கும் தேக்குத் தூண்கள் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தவை. அந்தக் கப்பல்களை ஓட்டி வந்த மாலுமிகளை யாரும் நினைப்பதில்லை என்பது எனக்கு என்றைக்கும் வருத்தம்தான். கேப்டன் மட்டும் கப்பலை ஓட்டிவிட முடியாது.

பத்தாவது முடித்தவர்கள் சேரும் ஜிபி ரேட்டிங் என்ற 6 மாத மாலுமிப் பயிற்சியில் டெக் என்கிற மேல்தளம், எஞ்சின் அறை இரண்டு வேலையும் கற்றுத் தருவார்கள். பிறகு ஏதாவது ஒரு பக்கம்தான் நிலைக்கும்.

டெக் என்றால் வெயிலும் உப்புக்காற்றும். துருவைச் சுத்தியலால் தட்டி எடுத்துப் பெயின்ட் அடிப்பதிலேயே பாதி நாள் போகும். வாட்ச் என்கிற காவல் முறை 4 மணி நேரம், ஓய்வு 8 மணி நேரம். இரவில் தூரத்தில் ஒரு சிவப்பு விளக்கு தெரிந்தால் அந்தக் கப்பலின் இடப்பக்கம் நம்மை நோக்கி இருக்கிறது. பச்சை என்றால் வலப்பக்கம். நிறம் பிரித்தறியாத கண்ணுக்கு இங்கே இடமில்லை. கரையில் கட்டும்போது விறைத்து நிற்கும் கயிறு அறுந்தால் ஆளையே கொன்றுவிடும், தம்பி. அது தெறிக்கும் பாதையில் நிற்காதே.

எஞ்சின் அறையில் 40 டிகிரி வெப்பம், காதடைக்கும் இரைச்சல். வைப்பர் என்ற கடைநிலை ஆளாகத் தொடங்கி எண்ணெய் துடைக்க வேண்டும். ஆனால் ஃபிட்டராகி வெல்டிங்கும் லேத்தும் கைவந்துவிட்டால் காரைக்குடியிலேயே பட்டறை போடலாம். அதனால் நான் எஞ்சின் பக்கம்தான்.

எதற்குப் போனாலும், வேலை வாங்கித் தருகிறேன் என்று ஏஜெண்ட் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடு. அப்படிக் கேட்பதே சட்டவிரோதம்.