சேனல் சேவ் ஆகாத பழைய டிவி: ரீசெட்டா, தனி பாக்ஸா, ஐசி மாத்துறதா?

ராத்திரி ஆட்டோ ஸ்கேன் போட்டா 60 சேனலும் வரிசையா வந்து நிக்குது, படமும் பளிச்சுன்னு இருக்கு, காலைல ஆன் பண்ணா ஒண்ணுமே இல்ல, மறுபடியும் ஸ்கேன் போடச் சொல்லுது. எங்க வீட்டு டிவி ரெண்டு மாசம் இப்படித்தான் படுத்துச்சு, அம்மா தினமும் ஸ்கேன் முடியுற வரைக்கும் காத்திருந்துதான் செய்தியே பாத்தாங்க. ரீசெட் போடுன்னு ஒருத்தர், டிவி உள்ள இருக்குற ஐசியை, அதாவது சின்ன சிப்பை, மாத்துன்னு ஒருத்தர், பாக்ஸ் வாங்கி மாட்டுன்னு இன்னொருத்தர்.

எதுல கை வைக்கிறதுக்கும் முன்னாடி ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. பிரைட்னஸை நல்லா கொறைச்சு வெச்சுட்டு ரிமோட்ல ஆஃப் பண்ணுங்க, ரெண்டு நிமிஷம் கழிச்சு பிளக் சுவிட்சையும் அணைச்சு, திரும்பப் போடுங்க. கொறைச்சது கொறைச்சபடியே இருந்தா மெமரி பெரும்பாலும் நல்லாதான் இருக்கு, சிக்கல் சேனல் லிஸ்ட்ல மட்டும்தான். பிரைட்னஸும் பழையபடி ஏறிடுச்சுன்னா மெனுவுல டிவி கடை மோடுல, அதாவது கடைல ஷோவுக்கு ஓட விடுற செட்டிங்ல, இருக்கான்னு பாருங்க, அந்த மோடு சில டிவில செட்டிங்கை எல்லாம் தானா பழசுக்குக் கொண்டுபோயிடும். அதுவும் இல்லன்னா மெமரி பக்கம்தான் சந்தேகப்படணும்.

லிஸ்ட் மட்டும் மறந்தா ஃபேக்டரி ரீசெட் போட்டு புதுசா ஸ்கேன் பண்றதுதான் முதல் வழி, காசே ஆகாது. ஆனா ஸ்கேன் முடிஞ்ச கையோட பிளக் சுவிட்சை அணைக்காதீங்க, சில செட்டு ரிமோட்ல ஆஃப் பண்ணி ஸ்டாண்ட்பைக்குப் போறப்பதான் லிஸ்ட்டை மெமரில எழுதும், நாம கரண்ட்டைப் பிடுங்கிட்டா எழுதாமலே போயிடும். ஆட்டோ அப்டேட் இருந்தா அதையும் ஆஃப் பண்ணிடுங்க, ஆன்டெனா கழண்டு கிடக்குறப்ப அது ஓடுச்சுன்னா இருக்குற லிஸ்ட்டும் காலி ஆகலாம்.

தனி செட்டாப் பாக்ஸ் மாட்டுனா சேனலை பாக்ஸே வெச்சுக்கும், டிவியோட மறதி பெருசா தெரியாது. ஸ்கேன்லயே எதுவும் வரலன்னா இது ஒண்ணுதான் சரியான வழின்னு பல நேரம் முடியும், ஏன்னா ஆன்டெனா டிஜிட்டல் சிக்னல்ல பழைய வகையான டிவிபி-டியைப் பிடிக்கிற ட்யூனர் மட்டும் இருக்குற டிவிக்கு அதோட புது வகையான டிவிபி-டி2 சிக்னல் பிடிபடவே பிடிபடாது. எச்டிஎம்ஐ இல்லன்னா மஞ்ச சிவப்பு வெள்ளை வயர்லதான் குடுக்கணும், படம் கொஞ்சம் மங்கலாதான் வரும். இன்னொண்ணு, மெமரி போன டிவி எந்த இன்புட்ல இருந்துச்சுங்குறதையும் மறந்துடலாம், அப்ப ஒவ்வொரு தடவையும் சோர்ஸ் பட்டனை அமுக்கணும், வயசானவங்களுக்கு ரெண்டு ரிமோட்டோட அது பெரிய கஷ்டம்.

ஐசி மாத்துறது கடைசி வழி, அதுவும் விவரம் தெரிஞ்ச மெக்கானிக் கையாலதான். பிளக்கைப் பிடுங்குனாலும் பவர் போர்டுல இருக்குற பெரிய கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல தேங்கி நிக்கலாம், நீங்களா திறக்காதீங்க. பல மாடல்ல செட்டிங் எல்லாம் இருக்குறது எட்டு கால் உள்ள சின்ன ஈப்ராம் ஐசி, அதாவது கரண்ட் போனாலும் டேட்டாவை வெச்சுக்குற மெமரி சிப், 24சி32, 24சி64ன்னு மேல அச்சடிச்சிருக்கும், சேனல் லிஸ்ட் சில மாடல்ல இதுலயும் சில மாடல்ல பக்கத்துல இருக்குற ஃபிளாஷ் ஐசிலயும் இருக்கும். ஆனா ஐசியை எடுக்குறதுக்கு முன்னாடி பவர் போர்டைப் பாக்கச் சொல்லுங்க. எங்க டிவில ஐசி நல்லாதான் இருந்துச்சு, டிவி ஸ்டாண்ட்பைல இருக்குறப்பவும் கரண்ட் குடுக்குற லைன்ல ஒரு கெப்பாசிட்டர் மண்டை லேசா உப்பியிருந்துச்சு, வோல்டேஜ் இறங்குனதால எழுதுறது பாதியில நின்னுருக்கு, அதை மாத்துனதும் சேனல் நிலைச்சு நின்னுருச்சு.

அப்படியும் ஐசியைத்தான் மாத்தணும்னா பழசுல இருக்குற டேட்டாவை முதல்ல காப்பி எடுத்து புதுசுல ஏத்தச் சொல்லுங்க. பேனல் செட்டிங், அதாவது திரைக்கான செட்டிங், அதுக்குள்ளதான் இருக்கும், காலி ஐசியை வெச்சா சில டிவில படம் தலைகீழா வரும், சிலது ஆனே ஆகாது.