குறட்டைக்கு நாக்குப் பயிற்சியா, சரிந்து படுப்பதா, முகமூடியா?

உறக்கத்தில் நாக்கின் அடிப்பகுதியும் மென்னண்ணமும் (மேலண்ணத்தின் மென்மையான பின்பகுதி) தளர்ந்து மூச்சுப் பாதையை ஒடுக்கும்போது, அவ்வழியே செல்லும் காற்று அவற்றை அதிரவைப்பதால் குறட்டை எழுகிறது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் விறாந்தையில் பாய் விரித்து எல்லோரும் அருகருகே படுக்கும் வீடுகள் இன்னும் உள்ளன. அங்கே ஒருவரின் குறட்டை முழுக் குடும்பத்தின் உறக்கத்தையும் குலைக்கிறது.

மிக எளிய வழி ஒருக்களித்துப் படுப்பதாகும். செலவில்லை, பலன் அன்றிரவே தெரியும். ஆனால் மல்லாந்து படுக்கும்போது மட்டும் குறட்டை விடுபவருக்கே இது போதும். படுக்கைக்கு முன் சாராயத்தைத் தவிர்ப்பதும் உடல் எடையைக் குறைப்பதும் எந்த வழியைத் தேர்ந்தாலும் உடன் வரவேண்டியவை.

வாய், தொண்டைப் பயிற்சிகள் வேறு வகையானவை. நாக்கின் நுனியை மேலண்ணத்தில் வைத்துப் பின்னோக்கி இழுப்பது, நாக்கு முழுவதையும் அண்ணத்தோடு உறிஞ்சி அழுத்துவது, நுனியைக் கீழ்ப்பற்களில் ஊன்றியபடி நாக்கின் பின்பகுதியைக் கீழே அழுத்துவது, ‘ஆ’ என ஒலித்து உள்நாக்கை உயர்த்துவது ஆகியவற்றை ஒவ்வொன்றும் இருபது தடவை செய்ய வேண்டும். பிரேசிலில் 39 பேரைக் கொண்டு நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு மூன்று வேளை எட்டு நிமிடம் வீதம் இத்தகைய பயிற்சிகளை மூன்று மாதம் செய்தவர்களிடம் குறட்டை எழும் தடவைகள் 36 சதவீதமும் அதன் மொத்த ஒலியாற்றல் 59 சதவீதமும் குறைந்தன. பணம் கேட்காத ஒரு வழிக்கு இது பெரிய பலன் என்றே நான் கருதுகிறேன். நம் கோயில்களில் ஊதும் சங்குகூட இதே தசைகளுக்கு வேலை கொடுக்கிறது. ஜெய்ப்பூரில் உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோயுள்ள 30 பேரைக் கொண்டு நடத்தி 2025இல் வெளியிட்ட ஆய்வு, ஆறு மாதம் சங்கு ஊதியவர்களின் பகல் தூக்கக் கலக்கம் குறைந்ததாகக் காட்டியது. இவற்றுக்கு விலை பொறுமைதான்: வாரக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும், விட்டால் தசை மீண்டும் தளரும்.

கீழ்த்தாடையை முன்னே தள்ளி வைக்கும் வாய்க்கருவியைப் பல் வைத்தியர் அளவெடுத்துச் செய்து தருவார். அது பயிற்சியைவிட விரைவாக உதவும். தாடை வலியும் பற்களின் இடப்பெயர்வும் சிலருக்கு வரலாம்.

எல்லாவற்றிலும் வலிமையானது, காலின் சலிவன் 1981இல் சிட்னியிலிருந்து அறிவித்த சீபாப் என்னும் காற்றழுத்த முகமூடி. அணிந்த இரவே மூச்சுப் பாதை திறந்திருக்கும். விலை அதிகம், மின்சாரம் தடைப்படாமல் வேண்டும், முகமூடியோடு உறங்கப் பழக வேண்டும். ஆயினும் மூச்சுத் தடைப்படும் நோய் கடுமையாக உள்ளவருக்கு இதன் இடத்தைப் பயிற்சி நிரப்பாது. பிரேசிலில் 2009இல் வெளியான இன்னோர் ஆய்வில், நடுத்தர நோயுள்ள 31 பேரில் பயிற்சி செய்தவர்களுக்கு மணிக்குச் சராசரியாக 22 முறை தடைப்பட்ட மூச்சு 14 முறையாகக் குறைந்தது. இயல்பு நிலையோ 5க்குக் கீழே.

ஆகவே சாதாரணக் குறட்டைக்குச் சரிந்து படுப்பதையும் பயிற்சியையும் சேர்த்துத் தொடங்குவதே நல்லது என்பேன். உறக்கத்தில் மூச்சு நின்று திணறுபவரும், பகலில் மோட்டார் சைக்கிள் ஓட்டும்போதே கண் சொருகுபவரும், இரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவரும் முதலில் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை போன்ற பெரிய வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் செல்ல வேண்டும். அருகில் படுப்பவர் கைபேசியில் பதிவுசெய்த இரவு ஒலியையும் எடுத்துச் சென்றால், குறட்டைக்கு நடுவே விழும் மௌன இடைவெளிகளை வைத்தியர் நேரடியாகக் கேட்டறியலாம்.