இணைய விவாதப் பகுதியும் என் வகுப்பும்: ஆண்டுக்கணக்கில் பயன்படுத்திய பிறகு

ஈரோட்டுப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பொருளியல் நடத்துகிறேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது வேறு வழியில்லாமல் கையில் எடுத்த இணைய வகுப்பறையைக் கல்லூரி திறந்த பிறகும் நான் விடவில்லை. அதிலுள்ள விவாதப் பகுதியையும், மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயத்தில் ஐஐடிகள் முதலியவை நடத்தும் என்பிடெல் பாடங்களையும் நேரடி வகுப்போடு சேர்த்து இன்றுவரை நடத்திவருகிறேன். புதிதாகத் தொடங்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன்.

என் மாணவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்கு முதல் பட்டதாரிகள். விசைத்தறி, பனியன் கம்பெனி, தோட்டம் என்று வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்கள். "புரிந்ததா?" என்றால் "புரிந்ததுங்க சார்" என்று மொத்த வகுப்பும் ஒரே குரலில் சொல்லும். அடுத்து ஒரு கேள்வி கேட்டால் எல்லாத் தலையும் குனிந்துவிடும். இதை அறியாமை என்று எண்ணித்தான் பல வருடங்களை வீணாக்கினேன். நாலு பேர் முன்னால் தவறாகச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்ற அச்சம் அது. ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமோ என்ற தயக்கம் அதற்கும் மேல்.

முதல் இரண்டு ஆண்டுகள் நான் செய்தது தவறு. விவாதப் பகுதியில் வாரம் இரண்டு பதிவு போட்டால் அகமதிப்பீட்டில் மதிப்பெண் என்று அறிவித்தேன். பதிவுகள் குவிந்தன, அத்தனையும் ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு மேல். "நல்ல கருத்து", "நானும் ஏற்கிறேன்" என்பதைத் தாண்டி ஒன்றுமில்லை. ஒரே விடை, ஒரே எழுத்துப் பிழையோடு, பத்துப் பதினைந்து பேர் பெயரில் வந்த வாரமும் உண்டு.

மதிப்பெண்ணை எடுத்துவிட்டேன். வாரத்துக்கு ஒரே கேள்வி, ஒரு குழு மட்டும் எழுதினால் போதும், தமிழில் எழுதலாம், நாலைந்து வரி போதும் என்று மாற்றினேன். எழுதியதில் ஒன்றை மறுநாள் வகுப்பில் நானே படித்துக் காட்டுவேன். இந்தக் கடைசி மாற்றம்தான் எல்லாவற்றையும் திருப்பியது. தான் எழுதியது வகுப்பில் கேட்கும் என்று தெரிந்ததும் யோசித்து எழுதத் தொடங்கினார்கள்.

ஏலக் கோட்பாடு நடத்திய வாரத்தைச் சொல்ல வேண்டும். 2020இல் பால் மில்கிராம், ராபர்ட் வில்சன் இருவருக்கும் பொருளியல் நோபல் பெற்றுத் தந்த துறை அது. புத்தகத்து உதாரணங்களை ஒதுக்கிவிட்டு, "ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மறைமுக ஏலம் பார்த்தவர்கள் எழுதுங்கள்" என்று மட்டும் கேட்டேன். விவசாயிகளின் விளைபொருளை அரசு மேற்பார்வையில் விற்கும் இடம் அது; வியாபாரிகள் அடுத்தவருக்குத் தெரியாமல் விலையை எழுதிக் கொடுப்பதுதான் மறைமுக ஏலம். கவுந்தப்பாடிப் பக்கத்து மாணவி ஒருத்தி, அதுவரை வகுப்பில் வாயே திறக்காதவள், ஆறு வரி எழுதியிருந்தாள். அப்பா நாட்டுச் சர்க்கரையை 60 கிலோ மூட்டைகளாகக் கொண்டுபோவது, வியாபாரி ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்து நிறமும் ஈரமும் பார்ப்பது, பழனி கோயில் பஞ்சாமிர்தத்துக்குக் கொள்முதல் நடக்கும் நாளில் அப்பா விடியும் முன்பே கிளம்பிவிடுவது எல்லாம் அதில் இருந்தது. கடைசி வரி இது: "அடுத்தவர் எழுதிய விலை தெரியாததால், அதிகம் எழுதியவருக்குச் சரக்கும் கிடைக்கும், கவலையும் வரும்."

ஏலத்தில் வென்றவரே சரக்கின் மதிப்பைவிடக் கூடுதல் விலை கொடுத்திருக்கக்கூடும் என்பதைப் பொருளியலில் 'வென்றவரின் சாபம்' என்பார்கள். அந்தப் பெயரைக் கேள்விப்படாமலே அவள் எழுதிவிட்டாள்.

மறுநாள் பெயர் சொல்லாமல் படித்தேன். "எழுதியவர் இன்னும் கொஞ்சம் விளக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சுமார் ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள், மூன்று நொடியாவது பொறுத்தால் விடைகள் நீள்கின்றன என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டியிருக்கிறார். எங்கள் வகுப்புக்கு மூன்று நொடி போதாது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நொடி நிற்பேன். அன்று அதற்கும் மேலே போனது.

"நான்தானுங்க சார்."

"சொல்லு கண்ணு."

சொன்னாள். உடனே மஞ்சள் விற்கும் வீட்டுப் பையன் ஒருவன் எழுந்தான். "அப்படியானால் வியாபாரி எப்போதும் குறைத்துத்தானே எழுதுவார்? நமக்கு என்ன லாபம்?" அங்கிருந்து பொருளியலாளர் வில்லியம் விக்ரிக்குப் போனோம். அதிக விலை எழுதியவரே எடுக்கட்டும், ஆனால் அதற்கு அடுத்தபடியாக எழுதப்பட்ட விலையைக் கொடுத்தால் போதும் என்ற முறையை 1961இல் அவர் ஆராய்ந்தார். அது நம் ஊர் விற்பனைக்கூடத்தில் செல்லுமா என்று வாதாடிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது. யாரும் பையை எடுக்கவில்லை.

என்பிடெல் பற்றிச் சுருக்கமாக. நாங்கள் எடுத்தது 12 வாரப் பாடம். ஒப்படைப்புக்கு 25, மையத்தில் நேரில் எழுதும் தேர்வுக்கு 75 மதிப்பெண். சிறந்த 8 ஒப்படைப்புகளின் சராசரிதான் கணக்கு. சேரக் கட்டணமில்லை, சான்றிதழ்த் தேர்வுக்கு நாங்கள் கட்டியது 1000 ரூபாய். பாடம் தரமானது. ஆனால் தனியாகப் பார்க்கச் சொன்னால் நாலாவது வாரத்தில் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள், ஒப்படைப்பு விடைகள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. இப்போது வெள்ளிக்கிழமை கடைசி மணியில் இருபது நிமிடப் பகுதியைச் சேர்ந்து பார்க்கிறோம். நடுவில் நிறுத்தி, பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசவிட்டுப் பிறகு கேட்கிறேன். சேர்ந்தவர்கள் தேர்வுவரை வருகிறார்கள்.

இதற்கு விலை ஆசிரியரின் நேரம். படிக்கவும் பதில் எழுதவும் எனக்கு வாரம் மூன்று மணி நேரம் போகிறது. அதற்கு மனமில்லாவிட்டால் விவாதப் பகுதியைத் திறக்கவே வேண்டாம். பதில் வராத பதிவை இரண்டு வாரம் பார்த்த பிள்ளை மூன்றாவது வாரம் எழுத மாட்டாள்.

இன்னும் சரிவராதது ஒன்று. இரவு ஷிப்டு பார்க்கும் பையன்களுக்கு எழுத நேரமே இல்லை. குரல் பதிவாக அனுப்பலாம் என்று அனுமதித்தேன். போன மாதம் ஒருவன் தறி ஓடும் சத்தத்துக்கு நடுவே நின்று பேசி அனுப்பியிருந்தான், பாதி கேட்கவில்லை. திங்கட்கிழமை அவனிடம் "என்ன சொன்னாய் சாமி, எனக்கு விளங்கவில்லை" என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து, தறிச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய அதே உரத்த குரலில், முதலிலிருந்து சொன்னான்.