இலவச சட்ட உதவி: தீர்ப்பு வந்த பிறகு போகாதீர்கள், கைதான அன்றே போங்கள்

சேவை: சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச வக்கீல், சிறை சட்ட உதவி மையம்
யாருக்கு: காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், திருமயம், பொன்னமராவதி வட்டாரக் குடும்பங்களுக்கு
மதிப்பெண்: 5-க்கு 3½

நம் பக்கத்தில் ஒருவர் கைதானால் வீட்டார் முதலில் தேடுவது கட்சிக்காரரை. பிறகு நகையை அடகு வைத்து வக்கீல் பீஸ். சட்ட உதவி மையம் ஞாபகத்துக்கு வருவது எல்லாம் முடிந்த பிறகுதான், அதுவும் “எப்ப வெளியே விடுவாங்க?” என்று கேட்க. அந்தக் கேள்விக்கு இந்தச் சேவை தரக்கூடிய பதில், எந்தப் பிரிவில் தண்டனை என்பதைப் பொறுத்தது. சில பிரிவுகளில் பதிலே இல்லை. அதனால்தான் முதல் நாளே போகச் சொல்கிறோம்.

தகுதி பற்றித் தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி காவலில் இருக்கும் எவருக்கும் இலவச வக்கீல் உண்டு. வருமானச் சான்றிதழ் கேட்கக் கூடாது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் அப்படியே. 15100-க்குப் போன் செய்யலாம். நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் வட்டச் சட்டப் பணிகள் குழுவில் நேரில் மனு கொடுப்பது இன்னும் நல்லது.

சில பிரிவுகளில் சட்டமே கட்டாயக் குறைந்தபட்ச தண்டனை வைத்திருக்கிறது. அங்கே குற்றம் நிரூபணமான பிறகு நீதிபதி அதற்குக் கீழே போக முடியாது. முதல் குற்றம், வயதான தாய், கைக்குழந்தை என்று என்ன சொன்னாலும் எடுபடாது. உச்ச நீதிமன்றமே அரசியல் சாசனம் 142 தரும் தனி அதிகாரத்தைக் கொண்டும் அதற்குக் கீழே இறங்க முடியாது என்று 2019-இல் விக்ரம் தாஸ் வழக்கில் சொல்லிவிட்டது. ஆக, எத்தனை வருஷம் என்பது பெரும்பாலும் குற்றப்பத்திரிகையில் எந்தப் பிரிவு ஏறுகிறது என்பதிலேயே முடிவாகிவிடுகிறது. இலவச வக்கீல் உழைக்க வேண்டிய இடம் அதுதான்.

போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் (என்.டி.பி.எஸ்.) வரும் கஞ்சா வழக்கை எடுத்துக்கொள்வோம். 1 கிலோ வரை சிறு அளவு. 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. இரண்டுக்கும் நடுவில் 10 வருஷம் வரை கொடுக்கலாம், ஆனால் குறைந்தபட்சம் கிடையாது. 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தது 10 வருஷமும் 1 லட்சம் ரூபாய் அபராதமும். 37-ஆம் பிரிவால் ஜாமீனும் கடினம். எனவே 20 கிலோ 400 கிராம் என்று மகஜரில் (பறிமுதல் செய்தபோது போலீஸ் எழுதும் பதிவில்) இருந்தால் அந்த 400 கிராமில்தான் வழக்கு. சட்டம் கஞ்சா என்று சொல்வது செடியின் பூ, காய் வைத்த நுனியை. நுனி சேராமல் தனியாகக் கிடக்கும் இலையும் விதையும் அதில் வராது. மூட்டையோடு எடை போட்டார்களா, பல பொட்டலங்களை ஒன்றாகக் கொட்டி ஒரே மாதிரி எடுத்தார்களா, 52ஏ பிரிவின்படி மாஜிஸ்திரேட் முன்னால் மாதிரி எடுத்தார்களா என்று வக்கீலிடம் கேளுங்கள். இதையெல்லாம் சாட்சிகளின் குறுக்கு விசாரணையில் எழுப்பாமல் விட்டால் மேல்முறையீட்டில் தூக்கி நிறுத்துவது கஷ்டம். தண்டனை வந்த பிறகு 32ஏ பிரிவு தண்டனைக் குறைப்பை அடைத்துவிடும். 2000-இல் தாது வழக்குக்குப் பின் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை நிறுத்தி வைக்கலாம். ஆனால் அரசு குறைக்க முடியாது.

குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில் முக்கியம் இரண்டு தேதிகள். ஒன்று சம்பவத் தேதி: 16.8.2019-க்கு முன் நடந்ததென்றால் 6-ஆம் பிரிவின் குறைந்தபட்சம் 10 வருஷம், அதற்குப் பின் என்றால் 20. பழைய சம்பவத்துக்குப் புதிய தண்டனை செல்லாது. இன்னொன்று பெண்ணின் பிறந்த தேதி. பள்ளிச் சான்றிதழ், அது இல்லையென்றால் நகராட்சி அல்லது ஊராட்சிப் பிறப்புச் சான்றிதழ், இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் ஊரைவிட்டுப் போய், அவள் கர்ப்பமானால் வழக்கு நேராக 6-ஆம் பிரிவுக்கே போகும். குழந்தையைச் சிதைத்தவனுக்கும் இந்தப் பையனுக்கும் ஒரே 20 வருஷம் என்பது எங்களுக்கு ஏற்க முடியாத சட்டம். இப்படிப்பட்ட ஒரு வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் ரத்து செய்திருக்கிறது. விசாரணை முடியும் முன்பே மதுரைக் கிளையை அணுக வேண்டிய காரணம் இதுதான்.

இனி முன்விடுதலை. ஆயுள் தண்டனை என்றால் 14 வருஷம் என்பது ஊர்ப் பேச்சு. ஆயுள் என்றால் ஆயுள்தான். மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்தில் ஆயுள் பெற்றவரை, ரெமிஷன் (தண்டனைக் குறைப்பு நாள்கள்) சேர்க்காமல் 14 வருஷம் உள்ளே இருந்த பிறகே அரசு விடுவிக்கலாம். இது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433ஏ பிரிவு, அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 475. விசாரணைக் காவல் நாள்களும் கணக்கில் வரும். அரசியல் சாசனம் 161-இன்படி ஆளுநர் வழியாகப் போனால் அந்த 14 வருஷத் தடை இல்லை. எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்காக 2018-இல் வந்த அரசாணை 10 வருஷம் முடித்தவர்களை எடுத்துக்கொண்டது அந்த வழியில்தான்.

முன்விடுதலை மனுவை ஊரில் எழுதிக் கலெக்டருக்குத் தபாலில் போடுவதில் பயன் இல்லை. சிறைக் கண்காணிப்பாளர் வழியாகத்தான் போக வேண்டும். கூடவே தீர்ப்பு நகல் (தண்டனை பெற்றவருக்கு இலவசம்), கைதான தேதி, பரோலில் போய்த் திரும்பிய தேதிகள், அபராதம் கட்டிய ரசீது. அபராதம் கட்டாவிட்டால் அதற்குரிய கூடுதல் சிறையும் சேர்ந்துகொள்ளும்; பலர் கோட்டை விடுவது இங்கேதான். தண்டனை பெற்ற நாளில் இருந்த முன்விடுதலை அரசாணையையும் கேட்டு வாங்குங்கள். அதன்படியே பரிசீலிக்க வேண்டும். பின்னால் வந்தது தாராளமாக இருந்தால் அதன் பலனும் உண்டு.

கோப்பு தேங்குவது பெரும்பாலும் நன்னடத்தை அலுவலர் அறிக்கையிலும் காவல் நிலைய அறிக்கையிலும். “ஊருக்கு வந்தால் பிரச்சினை வரும்” என்ற ஒரே வரியில் மனு விழுந்துவிடும். அதனால் எங்கே தங்குவார், என்ன வேலை, யார் பொறுப்பு என்பதை விசாரணைக்கு வரும் முன்பே எழுத்தில் தயாராக வைத்திருங்கள். எதிர்த்தரப்பு அதே தெருவில் இருந்தால் வேறு ஊர் முகவரி கொடுப்பது நல்லது. காளையார்கோவில் பக்கம் புரசடைஉடைப்பு திறந்தவெளிச் சிறையில் விவசாய வேலை பார்த்தவர் என்றால் அந்த நன்னடத்தைப் பதிவையும் சேருங்கள்.

2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், முன்விடுதலைக் கொள்கை இருக்கும் மாநிலங்களில் தகுதி வந்த கைதியை மனு கேட்காமலேயே பரிசீலிக்க வேண்டும் என்றது. தகுதி வந்த தேதியை நினைவூட்டி ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம் போட இப்போது நல்ல ஆதாரம் இருக்கிறது.

அரை மதிப்பெண் குறைத்தது வக்கீல் நடுவில் மாறும்போது வழக்குக் கட்டு சரியாகக் கைமாறாததற்கு. புது வக்கீலுக்கு முதல் வேலையாக மகஜரின் நகல் கொடுங்கள். இன்னொரு மதிப்பெண் போனது வேறு காரணத்துக்கு. கொலையுண்டவர் வீட்டுக்கு இழப்பீடு பெற்றுத் தருவதும் இதே ஆணைக்குழுதான். ஆனால் முன்விடுதலை பரிசீலனையில் அந்த வீட்டின் குரல் முறையாகக் கேட்கப்படுவதில்லை. கணவனை இழந்தவள், கொன்றவன் வந்துவிட்டான் என்பதைத் தெருவில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. அவர்களும் எழுத்தில் ஆட்சேபமோ பாதுகாப்புக் கோரிக்கையோ கொடுக்கலாம். அதை எழுதித் தரவும் இதே இலவச வக்கீலைக் கேளுங்கள்.