கம்பளி உடைகளைப் பத்திரப்படுத்த: அந்துருண்டையா, தேவதாருவா, ஃப்ரீசரா?

குளிர்காலம் முடிந்து ஸ்வெட்டரை உள்ளே வைக்கும்போது எதைப் போட்டு வைப்பது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். அதைப் பார்க்கும் முன், யாரோடு சண்டை என்று தெரிந்திருக்க வேண்டும். பறக்கும் அந்துப்பூச்சி எதையும் தின்பதில்லை. தின்பது அதன் புழு. பூச்சி ஒன்று 40, 50 முட்டைகள் வரை இடும். ஆள் கை படாத இருட்டு மூலையும், வியர்வையோ குழம்புக் கறையோ பட்ட துணியும் கிடைத்தால் புழுவுக்குக் கொண்டாட்டம்தான்.

ஆகவே எந்த முறையானாலும் நான் கேட்பது இரண்டே கேள்வி. துணியில் ஏற்கெனவே இருக்கும் முட்டையையும் புழுவையும் கொல்கிறதா? வெளியிலிருந்து புதிதாக வருவதைத் தடுக்கிறதா?

அந்துருண்டை கொல்லும், சந்தேகமில்லை. ஆனால் அதன் ஆவி அடர்த்தியாகத் தேங்கி நிற்கும்படி இறுக மூடிய பெட்டிக்குள் இருந்தால்தான். தினமும் திறந்து மூடும் பீரோவில் நாலு உருண்டையைப் போட்டால் நமக்கு வாடை வரும், புழுவுக்கு ஒன்றும் ஆகாது. அதைவிடப் பெரிய சிக்கல் நாஃப்தலீன் என்ற அந்தப் பொருளே. ஜி6பிடி என்ஸைம் குறைபாடு உள்ளவர்களுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அந்துருண்டை போட்டு வைத்த துணியில் சுற்றிய பச்சிளம் குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலையும் ரத்தசோகையும் வந்தது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. மிட்டாய் என்று நினைத்துக் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்து வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 2008-லேயே நாஃப்தலீன் உருண்டைகளுக்குத் தடை போட்டுவிட்டது. கடையில் கிடைக்கும் இன்னொரு வகை, பாராடைகுளோரோபென்சீன் என்ற ரசாயனத்தில் செய்த உருண்டை, இதற்கு மாற்றாகாது. அது சிலவகை பிளாஸ்டிக் பட்டன்களை இளக வைக்கும். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டால் கசிந்து துணியில் கறையாகும். குழந்தை இருக்கும் வீட்டில் இரண்டுமே வேண்டாம் என்பேன்.

தேவதாருக் கட்டைக்கு நல்ல பெயர் இருக்கிறது. அதற்கேற்ற வேலை இல்லை. அதன் எண்ணெய் இளம் புழுக்களை ஓரளவு பாதிக்கும். வளர்ந்த புழு அதைச் சட்டை செய்யாது. சில மாதங்களில் மணம் போய்விடும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கொஞ்சம் திரும்பும். லாவண்டர் பொட்டலமும் இதே கதைதான், துணி மணக்கும் என்பது மட்டும் ஆதாயம். பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி இழுக்கும் ஒட்டுப்பொறியில் சிக்குவது ஆண் பூச்சி மட்டுமே. பூச்சி நடமாட்டம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அது உதவும், காவலுக்கு உதவாது.

முதல் கேள்விக்கு என் தேர்வு ஃப்ரீசர். துணியைப் பாலிதீன் பையில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரத்துக்குக் குறையாமல் வைத்தால் முட்டை முதல் பூச்சி வரை எல்லாம் சாகும். ஒரு மூட்டையாகத் திணித்தால் நடுவில் குளிர் சேர நாளாகும். ஒவ்வொன்றாகப் பரப்பி வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. அறைச் சூடு வரும்வரை விட்டுவைத்தால் நீர் பையின் மேல்தான் முத்துக்கட்டும், கம்பளியில் இறங்காது. ஃப்ரீசரில் நுழையாத கனத்த கோட்டை டிரை கிளீனிங்குக்குக் கொடுத்துவிடலாம், அதிலும் முட்டை தப்பாது.

ஆனால் ஃப்ரீசர் இரண்டாம் கேள்விக்குப் பதில் சொல்லாது. வெளியே வந்த துணிக்கு மறுநாளே புதுப் பூச்சி வரலாம். அங்கே உறைதான் காப்பு. அட்டைப்பெட்டி எதற்கும் உதவாது. ரப்பர் விளிம்பு வைத்த பிளாஸ்டிக் டப்பா எல்லாவற்றிலும் நம்பகமானது. ஒரே நிபந்தனை, துணி எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். கொஞ்சம் ஈரம் சிக்கினாலும் பூஞ்சை பிடிக்கும் என்பதால் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடலாம். வாக்குவம் பை இடத்தைப் பாதியாக்கும். மெல்லிய ஷாலுக்கு அது சரி. தடித்த, பொசுபொசுவென்ற ஸ்வெட்டர் மாதக்கணக்கில் நசுங்கிக் கிடந்தால் பழைய உப்பல் திரும்பாது. ஜிப் வைத்த பருத்திப் பையில் காற்றோட்டம் உண்டு, தொங்கவிடும் கோட்டுக்கு ஏற்றது. ஆனால் ஜிப் முனையில் விடுபட்ட சின்ன இடைவெளிகூட இளம் புழுவுக்கு வாசல்தான். பின்னல் ஸ்வெட்டரைத் தொங்கவிடாதீர்கள், தோள் இழுபட்டுவிடும்.

எந்த டப்பாவானாலும், மூடும் முன் துணியைத் துவைத்துக் காயவைத்து, காலர் மடிப்பையும் கைப்பட்டியையும் பிரித்து வெளிச்சத்தில் பாருங்கள். பட்டு நூல் போன்ற மெல்லிய குழல்களும், மணல் போன்ற துகள்களும் இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. அந்தத் துகள் புழுவின் எச்சம். சிவப்பு ஸ்வெட்டரைத் தின்றால் எச்சமும் சிவப்பாகவே இருக்கும் என்பதால் பலரும் நூல் பிசிறென்று தட்டிவிடுகிறார்கள்.

முழு அக்ரிலிக் ஸ்வெட்டருக்கு இத்தனை பாடு தேவையில்லை, கறையில்லாமல் இருந்தால் புழு அதைச் சீண்டாது. லேபிளைப் பார்த்துவிட்டு ஃப்ரீசரில் இடம் ஒதுக்குங்கள்.