மோசமான ஓட்டுநர் பதிவோடு லாரி வேலை தேட: பெரிய நிறுவனமா, சிறிய நிறுவனமா?

அமெரிக்காவில் லாரி ஓட்டுநரை வேலைக்கு எடுக்கும் நிறுவனம் அவருடைய கடந்த 3 ஆண்டு ஓட்டுநர் பதிவை (விபத்து, விதிமீறல் விவரங்கள்) வாங்கிப் பார்த்தே ஆக வேண்டும். பழைய முதலாளிகளிடமும் விசாரிக்க வேண்டும். எங்கே போனாலும் மறைக்க முடியாது.

பெரிய நிறுவனங்களில் நல்ல பயிற்சியும் புதிய வண்டியும் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அங்கே பெரும்பாலும் எத்தனை விபத்து, விதிமீறல் வரை ஏற்கலாம் என்று எழுதி வைத்த வரம்புதான் முடிவு செய்யும். அதைத் தாண்டிய விண்ணப்பத்துக்கு விளக்கம் சொல்லக்கூட இடமிருக்காது.

சிறிய நிறுவனத்தில் முதலாளியிடமே நேரில் பேசலாம். விபத்து எப்படி நடந்தது, அதன்பின் என்ன மாற்றிக்கொண்டீர்கள் என்று அவர் கேட்பார். அவர் சம்மதித்தாலும் காப்பீட்டு நிறுவனம் மறுத்தால் வேலை இல்லை. அதனால் "உங்கள் காப்பீட்டில் என்னைச் சேர்ப்பார்களா?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பதிவு மோசமாக உள்ளவர் சிறிய நிறுவனத்தில் தொடங்குவதே நல்லது என்பேன். ஒரு எச்சரிக்கை மட்டும்: பராமரிப்பில்லாத வண்டியைக் கொடுத்தால், சாலைச் சோதனையில் பிடிபடும் குறை உங்கள் பெயரிலும் ஏறும். வேலைக்கு எடுக்கும் முன் நிறுவனங்கள் பார்க்கும் மத்திய அரசின் முன்தேர்வு அறிக்கையில் சோதனை விவரம் 3 ஆண்டும், விபத்து 5 ஆண்டும் தெரியும். பிரேக், டயர் என ஏதாவது ஒன்று சரியில்லை என்றாலும் வண்டியை எடுக்காதீர்கள்.