சண்டர்லாண்டா, கேட்டலினாவா?

சென்னைக்குக் குடிநீர் தரும் புழல் ஏரியில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானங்கள் இறங்கி ஏறிக்கொண்டிருந்தன. ஓடுபாதை எதுவும் இல்லை, தண்ணீரின் மேலேயேதான். பிரிட்டிஷ் விமானப்படையின் 240ஆம் ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு) அங்கே நிறுத்தியிருந்தவை கேட்டலினா என்ற அமெரிக்கப் பறக்கும் படகுகள், அதாவது தண்ணீரில் இறங்கி ஏறிக் கடலை ரோந்து பார்க்கும் விமானங்கள். போர் முடியும் தறுவாயில் பிரிட்டனின் சொந்தத் தயாரிப்பான சண்டர்லாண்டும் அந்த ஏரிக்கு வந்தது. இரண்டில் எது உசத்தி என்ற வாக்குவாதம் விமானப் பிரியர்களிடையே இன்னும் ஓயவில்லை. என்னிடம் கேட்டால், எந்தக் கடலில் என்று முதலில் திருப்பிக் கேட்பேன்.

சண்டர்லாண்ட் கிட்டத்தட்ட ஒரு மாடி வீடு. ரோச்செஸ்டரில் ஷார்ட் பிரதர்ஸ் நிறுவனத்தில் ஆர்தர் கூஜ் வடிவமைத்தது. 1937 அக்டோபரில் முதல் தடவை பறந்து, மறு ஆண்டே சிங்கப்பூரின் செலேத்தாரில் பணியில் சேர்ந்துவிட்டது. நான்கு எஞ்சின், இரண்டு தளம், ஏறக்குறையப் பத்துப் பேர் கொண்ட குழு. படுக்கை உண்டு, பிரைமஸ் அடுப்பு வைத்த சமையலறை உண்டு, பீங்கான் கழிப்பறைகூட உண்டு. இதை ஆடம்பரம் என்று நினைத்துவிடக் கூடாது. பன்னிரண்டு மணி நேரம் வெறும் கடலையே வெறித்துக்கொண்டிருப்பவனுக்கு நடுவில் கொஞ்சம் தூக்கமும் சூடான சாப்பாடும் கிடைக்காவிட்டால், எதிரி நீர்மூழ்கியின் பெரிஸ்கோப் கண்ணெதிரே போனாலும் தெரியாது.

கேட்டலினா அதைவிட இரண்டு வயது மூத்தது. இரண்டே எஞ்சின், உடலுக்கு மேலே தூண் வைத்துத் தூக்கி நிறுத்திய இறக்கை. வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரை எட்டுவதே பெரும்பாடு. நிறைசுமையோடு சண்டர்லாண்ட் 26 டன் என்றால் இது 16 டன்தான். அது நீர்மூழ்கிகள் மீது போடும் ஆழ்நீர்க் குண்டுகள் எட்டைச் சுமக்கும், இதற்குப் பொதுவாக நான்கு. சரி, போட்டியே இல்லை என்று தோன்றுகிறதா? தூரத்தைப் பாருங்கள். சண்டர்லாண்ட் சுமார் 2,900 கிலோமீட்டர் போகும், கேட்டலினா 4,000.

பிரான்ஸின் மேற்குக் கரையை ஒட்டிய பிஸ்கே விரிகுடாவில் அந்தத் தூரத்தால் பெரிய பயனில்லை. அங்கே ஜெர்மானிய நீர்மூழ்கிகளோடு ஜூ-88 போர் விமானங்களும் திரிந்தன. 1943 ஜூன் 2 அன்று ஆஸ்திரேலியாவின் 461ஆம் ஸ்குவாட்ரன் சண்டர்லாண்ட் ஒன்றை அப்படி எட்டு விமானங்கள் சூழ்ந்துகொண்டன. கோலின் வாக்கர் குழுவினர் மூன்றை வீழ்த்தியதாகக் கணக்குச் சொன்னார்கள். தங்களில் ஒருவரை இழந்து, சல்லடையான விமானத்தைக் கார்ன்வால் கடற்கரை வரை கொண்டுவந்து சேர்த்தார்கள். அந்த இடத்தில் கேட்டலினா இருந்திருந்தால் தப்பியிருக்கும் என்று நான் நம்பவில்லை. ‘பறக்கும் முள்ளம்பன்றி’ என்று ஜெர்மானியர்களே சண்டர்லாண்டுக்குப் பெயர் வைத்ததாகச் சொல்வார்கள். பிரிட்டிஷார் தாங்களே கிளப்பிவிட்ட கதையோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

மூன்றாவதாக லெர்விக் என்று ஒரு பிரிட்டிஷ் படகும் இருந்தது. சாண்டர்ஸ்-ரோ கட்டியது, இரட்டை எஞ்சின். ஒரு எஞ்சின் நின்றால் உயரத்தைத் தக்கவைக்க முடியாது. 21 படகுகளோடு கதை முடிந்தது. அதை ஓட்டி அவதிப்பட்ட 209ஆம் ஸ்குவாட்ரனுக்கு 1941 வசந்தத்தில் கேட்டலினா கிடைத்தது. அந்த மே 26ஆம் தேதி, தப்பி ஓடிக்கொண்டிருந்த பிஸ்மார்க் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பலைக் கண்டுபிடித்தது அந்த ஸ்குவாட்ரனின் கேட்டலினாதான். மறுநாள் பிஸ்மார்க் மூழ்கியது.

இந்தியப் பெருங்கடலுக்கு வந்தால் தராசு முழுக்கக் கேட்டலினா பக்கம் சாய்கிறது. இலங்கையின் தென்கோடியில் கொக்கல ஏரித் தளத்துக்குக் கனடியரான லெனர்ட் பர்ச்சல் வந்து இரண்டே நாள் ஆகியிருந்தது. 1942 ஏப்ரல் 4 அன்று நெடுந்தொலைவு ரோந்து போனவர் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு, சுடப்பட்டு விழுவதற்குள் வானொலியில் தகவல் அனுப்பிவிட்டார். மறுநாள் கொழும்பு மீது குண்டு விழுந்தபோது துறைமுகத்தை விட்டுப் பல கப்பல்கள் வெளியேறியிருந்தன. பர்ச்சலும் உயிர் தப்பியவர்களும் போர் முடியும்வரை ஜப்பானியச் சிறையில் கிடந்தார்கள்.

அதே கொக்கலவுக்கும் ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும் இடையே 1943 முதல் ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவான்டாஸ் கேட்டலினாக்களை ஓட்டியது. இடையில் இறங்காமல் 27 முதல் 33 மணி நேரம். எரிபொருளே எடையெல்லாம் எடுத்துக்கொண்டதால் பயணிகள் மூன்றே பேர். ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயம் பார்ப்பார்கள்.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை வேறொன்று. சண்டர்லாண்டின் பெகாசஸ் எஞ்சின்கள் அளவுக்கு மீறிய சுமையால் திணறின. ஒன்று நின்றுபோனால் அதன் புரொபெல்லரைக் காற்றுக்கு வாட்டமாகத் திருப்பி வைக்கவும் வழியில்லை. அதற்கு மருந்தாக வந்தவை அமெரிக்காவின் ட்வின் வாஸ்ப் எஞ்சின்கள். கேட்டலினாவில் இருந்த அதே குடும்பம்! அப்படிப் பிறந்த ஐந்தாம் ரகம் 1945இல்தான் படைக்கு வந்தது.

போருக்குப் பிறகு காற்று மாறியது. குவான்டாஸின் கேட்டலினாக்களை, அமெரிக்கா போர்க்காலத்தில் தளவாடங்களைத் தந்த கடன்-குத்தகை ஒப்பந்தப்படி கடலில் மூழ்கடித்தார்கள். சண்டர்லாண்டோ 1948இல், முற்றுகையிடப்பட்ட பெர்லினுக்கு உப்பு மூட்டை சுமந்தது. கடல்நீரைத் தாங்கக் கட்டியது என்பதால் மற்ற விமானங்களை அரித்துவிடும் உப்பு அதை ஒன்றும் செய்யவில்லை. அது இறங்கிய பெர்லினின் ஹாவெல் ஏரியில் பனி உறையும் காலம் வரும்வரை இந்த வேலை நடந்தது. பிரிட்டிஷ் விமானப்படை அதற்கு ஓய்வு கொடுத்தது 1959 மே மாதம், 21 ஆண்டுக்கு முன்பு அது பணியில் சேர்ந்த அதே செலேத்தாரில்.